காலராவும் காலனும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கோடைக்காலக் குடிநீரைப் பற்றி எழுதியபோது, ‘காலரா’ என்ற சொல்லைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். குடிநீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை; அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை முழுப் பகுதியும் அதற்கே.

‘காலனைப் போல் வந்து உயிரைக் கொண்டுபோவதால் அது காலரா’ என்று என் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். நானும் முப்பது ஆண்டுகள் என் மாணவர்களுக்கு அவ்வாறே சொல்லிவந்தேன். இது சரிதானா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்

சரியன்று, ஐயா. ஆனால் இப்படிப் பொருள் கொண்டதற்காகத் தாங்கள் வருந்த வேண்டியதில்லை. இந்த நோய் சென்ற நாடுகளில் எல்லாம் மக்கள் அதன் பெயரைத் தம் மொழிக்குத் தக்கவாறு திருத்திக் கேட்டிருக்கிறார்கள். அடுத்துவரும் பதில்களில் இதைவிட வியப்பான திருத்தங்களைக் காண்பீர்கள்.

காலரா என்பது கிரேக்கச் சொல். கிரேக்க மொழியில் ‘கொலே’ என்றால் பித்தம். குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்களின் சமநிலையே உடல்நலம் என்று கருதிய கிரேக்க மருத்துவர்கள், மஞ்சட்பித்தம் பொங்கி வாய்வழியும் கீழ்வழியும் வெளியேறுவதாகத் தாம் எண்ணிய நோய்க்கு ‘கொலேரா’ என்று பெயரிட்டார்கள். மனச்சோர்வைக் குறிக்கும் ‘மெலங்கொலி’யில் இருப்பதும் இதே ‘கொலே’தான், அது கரும்பித்தம். முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சசும் கொலேராவைப் பித்தத்தோடு சேர்த்தே விளக்குகிறார். கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் தூம்பைக் குறித்த வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகத் தோன்றும் என்றாலும், மருத்துவர்களின் வழக்கில் நிலைத்தது பித்தந்தான்.

பித்தம் மிகுந்தால் கோபம் மிகும் என்பது நம் நாட்டவருக்குப் புதிய கருத்தன்று. ஐரோப்பியரும் அவ்வாறே கருதினர். அதனால் பழைய ஆங்கிலத்தில் ‘காலர்’ என்ற சொல்லுக்குச் சினம் என்று பொருள். ஸ்பானிய மொழியில் இன்றும் ‘கொலெரா’ என்ற ஒரே சொல் இரு பொருளிலும் வழங்குகிறது. பெண்பாற் சொல்லாகச் சொன்னால் கோபம். ஆண்பாற் சொல்லாகச் சொன்னால் நோய்.

இதில் ஒரு முரண் உண்டு. இன்று நாம் காலரா என்று அழைக்கும் நோயில், சற்று நேரத்துக்குப் பின் நோயாளியின் கழிச்சலில் பித்தத்தின் நிறமே இருப்பதில்லை; அரிசி களைந்த நீர் போல வெளுத்துவிடும். இந்நோய்க்கும் பித்தத்துக்கும் தொடர்பே இல்லை. சிறுகுடலில் தங்கும் கிருமி சுரக்கும் ஒரு நச்சுப்பொருளால், குடல் உடலின் நீரையும் உப்பையும் இடைவிடாது வெளியே தள்ளுகிறது. அந்த நச்சின் செயலை முயலின் குடலில் செய்த சோதனையால் 1959இல் மெய்ப்பித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. நோபல் பரிசுக்குத் தகுதியான பணி என்று பலரும் சொன்னார்கள், பரிசு வரவில்லை. அது வேறு கதை.

அப்படியானால் கிரேக்கர் கண்ட கொலேரா எது? பழங்கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் பியாஸ் என்ற குத்துச்சண்டை வீரரின் குறிப்பு வருகிறது. இயல்பிலேயே பெருந்தீனிக்காரர், சரியாக வேகாத பன்றி இறைச்சியும் மணமுள்ள மதுவும் இனிப்புகளும் அளவின்றி உண்டதால் அவருக்குக் கொலேரா கண்டது என்கிறது அந்தக் குறிப்பு. இதைப் படித்தால் நமக்கு நினைவுக்கு வருவது திருமண விருந்துக்கு மறுநாள் வரும் வயிற்றுப்போக்கே அன்றி, ஊரையே காலிசெய்யும் கொள்ளைநோய் அன்று. பெயர் கிரேக்கத்தில் பிறந்து, ஒரு சாதாரண வயிற்று நோயைக் குறித்துக்கொண்டு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்தது. நோயோ கங்கைச் சமவெளியின் கழிமுகத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தது மிகப் பிந்தித்தான்.

இனி, காலனுக்கு வருவோம். ஆங்கிலத்தின் குறுகிய ஒகரத்தை ‘ஆ’ என்று கேட்பது தமிழ்நாட்டுக் காதுகளின் வழக்கம். அப்படித்தான் காலேஜ், காபி, டாக்டர், ஆபீஸ் எல்லாம் வந்தன. காலராவின் ‘கா’வும் அவ்வாறு வந்ததே. இலங்கைத் தமிழர் அதே ஒலியை ஒகரமாகவே எழுதுவர். அவர்களுக்கு டாக்டர் டொக்டர், காலரா கொலரா. அங்கே காலன் மறைந்துவிடுகிறான். ஆனால் அவன் இருந்த இடத்தில் ‘கொலை’ வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பாட்டி கோபம் வந்தால் ‘பேதியிலே போவான்’ என்று திட்டுவார். அது காலராவைத்தான் குறிக்கிறது என்கிறார்கள். ஆங்கிலச் சொல் வருவதற்கு முன் இந்நோய்க்கு நம்மிடம் என்ன பெயர் இருந்தது?
– வாசகி, திருநெல்வேலி

பெயர்கள் பல இருந்தன. அவற்றில் பல இன்னும் வழக்கில் உள்ளன. வாந்திபேதி என்பதே மிகப் பரவலான பெயர். ‘பேதி’ வடசொல், பிளப்பது, கட்டை உடைத்து இளக்குவது என்பது அதன் பொருள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பேதி மருந்திலும் அதே சொல்தான். பேதி என்ற சொல் மருந்துக்கும் நோய்க்கும் பொதுவாகிவிட்டதால், உயிர்கொல்லும் வகையைப் பிரித்துக்காட்ட ‘வாந்தி’யை முன்னே சேர்த்தார்கள். சிலர் ‘விஷபேதி’ என்றார்கள்.

மருத்துவச் சுவடிகளிலும் அவற்றைப் பின்பற்றிய அச்சு நூல்களிலும் வரும் பெயர் ‘விசூசி’ அல்லது ‘விசூசிகை’. இதற்கு வடமொழியில் இரண்டு விளக்கங்கள் உண்டு. சுசுருத சங்கிதை ‘சூசி’, அதாவது ஊசி என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துகிறது: அஜீரணத்தால் கிளர்ந்த வாயு உடலெங்கும் ஊசியால் குத்துவதுபோல வலிக்கச் செய்வதால் விசூசிகை. இச்சொல் அதற்கும் முற்பட்ட யசுர் வேதத்திலேயே காணப்படுவதைக் கருதி, ‘இரு திசையிலும் செல்வது’ என்பதே மூலப்பொருள் என்று சொல்லாராய்ச்சியாளர் கொள்வர். வாந்தியாகவும் பேதியாகவும் இரு வழியும் செல்லும் நோய். நம் ‘வாந்திபேதி’யும் பொருளளவில் அதுவே.

சுசுருதர் அந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வார்த்தையும் சொல்கிறார்: அளவறிந்து உண்பவருக்கு இந்நோய் வராது, நாவை அடக்க மாட்டாத மூடருக்கே வரும். குத்துச்சண்டை வீரர் பியாசைப் பற்றிய கிரேக்கக் குறிப்பை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் வைத்தியர்கள் நோயாளியின் இலையைத்தான் பார்த்தார்கள். அருகில் இருந்த தண்ணீர்க் குடத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இப்பகுதியின் மற்றக் கேள்விகளுக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தங்கள் பாட்டியின் வசவு பற்றி: தென்மாவட்டங்களில் ‘பேதியிலே போவான்’, ‘கழிச்சல்ல போவான்’ என்ற இரண்டும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ‘கோதாரியிலை போவான்’, ‘கோதாரி விழுவான்’ என்பார்கள். அந்தக் கோதாரியும் வாந்திபேதி போன்ற கொள்ளைநோயே. இன்று அச்சொல் அங்கே மிகவும் இளகிவிட்டது. தொலைந்த சாவியைத் தேடும்போதுகூட ‘என்ன கோதாரியோ’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். கூர்ந்து நோக்கினால், இவ்வசவுகளில் பல ‘போவான்’ என்று முடிவதைக் காணலாம். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவதைக் கண்ட தலைமுறை உண்டாக்கிய வசவு இது. அதைச் சொன்ன பாட்டிமார் பலருக்கு, அவர்கள் எந்த நோயைச் சொல்கிறார்கள் என்பது நினைவிலேயே இருந்திருக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் காலராவை ‘நாய்ச்சாவு’ என்று அழைத்ததாக ஒரு பழைய பயணநூலின் மொழிபெயர்ப்பில் படித்தேன். நாய்க்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு?
– வாசகர், புதுச்சேரி

நாய்க்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை. அந்த நாய் மராத்தியில் பிறந்தது, கோவாவில் வளர்ந்தது, கப்பலில் ஏறியபின் குரைக்கத் தொடங்கியது.

மராத்தியிலும் கொங்கணியிலும் ‘மோட்ஷி’ என்று ஒரு சொல் உண்டு. ‘மோட்ணே’ என்றால் உடைதல், முறிதல். உடல் முறிந்து மடங்கிப்போகும் வயிற்று நோய் மோட்ஷி. கடும் அஜீரணத்துக்கும் அதே சொல்லைத்தான் வழங்கினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கும் இலைதான் குற்றவாளி. கோவாவில் குடியேறிய போர்ச்சுகீசியர் இச்சொல்லை ‘மொர்ஷி’ என்று எழுதிக்கொண்டு, பிறகு ‘மொர்தெஷி’, ‘மொர்தெஷிம்’ என்று நீட்டினார்கள்.

கோவாவில் 1543ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இந்நோய் செய்த அழிவைக் காஸ்பர் கொரையா என்பவர் எழுதிவைத்திருக்கிறார். கோவாவிலேயே வாழ்ந்தவர்; அவருடைய பெரிய வரலாற்று நூல் 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. காரணம் ஏதும் தெரியாமல் நலமுள்ளவரையும் நோயாளியையும், பால்குடிக்கும் குழந்தையையும் எண்பது வயதுக் கிழவரையும் ஒன்றுபோல் அது தாக்கியது. வாந்தி, தீராத தாகம், கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் முறுக்கும் இழுப்பு, குழிந்த கண், கறுத்துச் சுருங்கிய நகம் ஆகியவை கண்டு, ஒரு பகலில் அல்லது ஒரு பகலும் இரவும் கழிவதற்குள் உயிர் போனது. நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பிழைக்கவில்லை என்கிறார். நாள் முழுதும் சாவுமணி அடித்துக்கொண்டே இருந்ததால், மக்கள் அஞ்சக்கூடாது என்று தேவாலய மணிகளை அடிப்பதற்கே ஆளுநர் தடை விதித்தாராம். இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்க்கவும் அவர் ஆணையிட்டார். இரைப்பை கோழியின் அரைவைப்பை போலச் சுருங்கி, தீயில் காட்டிய தோல்போல மடிந்திருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நோய்க்குறிகளைப் படித்தால் இன்றைய மருத்துவர் ஒருவரும் ஐயப்பட மாட்டார்; நீர் வற்றி இறந்த உடல் அது.

இதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1563இல், கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். அந்த நூல், நமது இந்தப் பகுதியைப் போலவே, கேள்வியும் பதிலுமாக அமைந்தது. ருவானோ என்ற கற்பனைத் தோழர் கேட்பார், ஓர்த்தா சொல்வார். அதில் ஓர்த்தா இந்நோயின் பெயரைத் தெளிவாக ஆராய்கிறார்: நம் மருத்துவர் இதைக் ‘கொலெரிக்கா பாசியோ’ என்பர், இந்நாட்டார் ‘மொர்ஷி’ என்பர், நாம் அதைச் சிதைத்து ‘மொர்தெஷி’ என்கிறோம். தம் இனத்தாரின் உச்சரிப்புப் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு அச்சிட்ட அந்த நேர்மை, பெயர்களைப் பற்றி எழுதுவோரிடம் அவ்வளவாகக் காணக்கிடைப்பதன்று.

அதே உரையாடலில், உள்ளூர் வைத்தியர் நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்து வடித்த அரிசிநீரைக் குடிக்கக் கொடுப்பார்கள் என்றும், அதற்குக் ‘கஞ்சி’ என்று பெயர் என்றும் எழுதுகிறார். தமிழிலும் மலையாளத்திலும் உள்ள நம் கஞ்சி ஐரோப்பிய அச்சில் ஏறிய தொடக்க இடங்களுள் இதுவும் ஒன்று. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளியைக் காப்பாற்றலாம் என்பதை 1960களின் பிற்பகுதியில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் ஆராய்ந்தவர்கள் நிலைநாட்டினர். 1971இல் வங்க அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் அதைப் பெருமளவில் செய்துகாட்டினார். பிறகு சர்க்கரைக்குப் பதில் அரிசிமாவும் காலராவுக்கு நன்றாகவே பயன்படும் என்றும் கண்டார்கள். கோவா வைத்தியர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை. அவர்கள் காலின் அடியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடும் போட்டார்கள் என்பதையும் அதே ஓர்த்தாதான் எழுதுகிறார்.

இனி நாய். ‘மொர்தெஷிம்’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லைப் பிரெஞ்சு மாலுமி கேட்டார். அவர் மொழியில் ‘மோர்’ என்றால் சாவு. ‘ஷியன்’ என்றால் நாய். மொர்-தெ-ஷிம், மோர்-த-ஷியன்: நாயின் சாவு! வாந்தியிலும் கழிச்சலிலும் புரண்டு, ஒரு பாதிரியார் வந்து சேர்வதற்குள் இறந்துபோகும் சாவுக்கு அந்தப் பெயர் பொருந்தியும் வந்ததால், ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. தங்கள் ஊர்ப்பக்கம் பயணம் செய்த சொன்னரா, 1782இல் பாரிசில் வெளியிட்ட நூலில், இந்தியாவில் மோர் த ஷியன் என்று அழைக்கப்படும் அஜீரண நோய்கள் அடிக்கடி காணப்படுகின்றன என்று எழுதினார். ஆங்கிலேயரும் இப்பெயரையே கடன் வாங்கினார்கள். 1782, 1783ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கடற்படையிலும் சென்னைக் கடற்படை மருத்துவமனையிலும் கண்ட நோய்களைப் பற்றி சார்லஸ் கர்ட்டிஸ் என்ற அறுவை மருத்துவர் 1807இல் வெளியிட்ட நூலில், கைகால்களை முறுக்கி இழுக்கும் மோர் த ஷியன் விரிவாகவே வருகிறது. பெயர் பெயரோடு நிற்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு: இந்துமாக்கடலில் உள்ள பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரெயூனியனில், ‘நாய் நோய்’ என்று ஒன்று இருப்பதாகவும் அதற்கு நோயாளியின் குதிகாலில் சூடு போடுவார்கள் என்றும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் குறிப்பொன்று சொல்கிறது. மராத்தியின் ‘முறிவு’ அங்கே வெறும் நாயாகவே ஆகிவிட்டது.

திண்டுக்கல் ஆசிரியருக்கு ஆறுதலாக மற்றொன்றும் சொல்கிறேன். 1858இல் ஜப்பானில் பெருங்காலரா பரவியபோது, ‘கொரெரா’ என்ற அயற்சொல்லை அந்நாட்டு மக்கள் ‘கொரொரி’ என்று கேட்டார்கள். பட்டென்று சாய்ந்து விழுவதைக் குறிக்கும் சொல் அது. அதைச் சீன எழுத்துகளில் எழுதியவர்கள், அவ்வொலிக்குப் புலி, ஓநாய், பேதி என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் நாயைக் கண்டதும் ஜப்பானியர் புலியையும் ஓநாயையும் கண்டதும் நாம் காலனைக் கண்டதும் ஒரே காரியத்தின் மூன்று வடிவங்கள்.

காலரா 1817ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகத் தோன்றியது என்று மருத்துவ வரலாற்றுப் பாடத்தில் உள்ளது. அது உண்மையா?
– மருத்துவ மாணவர், சென்னை

1817 என்பது இந்நோய் வங்காளத்தை விட்டு உலகம் சுற்றப் புறப்பட்ட ஆண்டு. பிறந்த ஆண்டு அன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெசோரில் நோய் வெடித்தது. நவம்பரில் மத்திய இந்தியாவில் முகாமிட்டிருந்த தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படையில் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1818இல் சென்னை மாகாணத்தையும் இலங்கையையும் அடைந்தது. ஹேஸ்டிங்சின் ஆட்சிக்கு முன் இந்தியாவில் காலராவே இல்லை என்ற எண்ணம் அதன்பிறகு ஆங்கிலேயரிடையே வேரூன்றியது.

அந்த எண்ணத்துக்கு ஒரு முக்கியக் காரணம் பெயர் மாறியதுதான் என்பது என் கருத்து. 18ஆம் நூற்றாண்டின் குறிப்புகளில் நோய் ‘மோர் த ஷியன்’ என்றும் ‘மொர்தெஷி’ என்றும் பதிவாகியிருந்தது. 1817க்குப் பின் வந்த அரசு அறிக்கைகள் ‘காலரா மார்பஸ்’ என்ற இலத்தீன் பெயரில் எழுதப்பட்டன. பழைய காகிதங்களில் ‘காலரா’வைத் தேடியவருக்கு அது கிடைக்கவில்லை, எனவே நோயே இல்லை என்று முடிவுகட்டினார். ஆனால் 1781இல் ஐதர் அலிக்கு எதிரான போருக்காக வங்காளத்திலிருந்து சென்னை நோக்கி நடந்துவந்த கர்னல் பியர்சின் படை கஞ்சம் அருகே இதே நோயால் சாய்ந்திருக்கிறது. 1783இல் அரித்துவாரத்தில் கூடிய யாத்திரிகர்களுள் சுமார் 20,000 பேர் சில நாட்களில் இதனால் மாண்டதாகப் பதிவு உள்ளது. அந்நாளைய ஆவணங்களில் கூறப்படும் ஒவ்வொரு மொர்தெஷியும் இன்றைய காலராவே என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றுள் சாதாரண உணவுநச்சும் கலந்திருக்கும். 1543இன் குறிப்பைப் போல நோய்க்குறிகள் விரிவாகத் தரப்பட்ட இடங்களில் மட்டுமே துணிந்து பேசலாம்.

புதிய பெயரும் உடனே நிலைபெற்றுவிடவில்லை. ஜெசோரின் அரசு மருத்துவர் டைட்லர், கெட்டுப்போன புது அரிசியை உண்டதே காரணம் என்று உறுதியாக நம்பி, நோய்க்கு ‘மார்பஸ் ஒரைசியஸ்’, அதாவது அரிசி நோய் என்று பெயரிட்டு 1820இல் ஒரு நூலே எழுதினார். மறுபடியும் இலை! வங்காளத்துக்கு ஜேம்சனும் (1820) சென்னை மாகாணத்துக்கு வில்லியம் ஸ்காட்டும் (1824) தயாரித்த பெரிய அறிக்கைகள் ‘எபிடெமிக் காலரா’ என்ற பெயரை ஏற்றபின், அரிசி நோய் ஒதுங்கிக்கொண்டது. 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை நோய் அடைந்தபோது, அங்கே ஏற்கெனவே ‘காலரா’ என்ற பெயரில் கோடைக்கால வயிற்றுப்போக்கு ஒன்று இருந்ததால் குழப்பம் நேர்ந்தது. எனவே உள்ளூர் நோய்க்குக் ‘காலரா நோஸ்ட்ராஸ்’, அதாவது ‘நம்முடைய காலரா’ என்றும், புதிதாக வந்ததற்கு ‘ஆசியக் காலரா’ என்றும் பிரித்துப் பெயரிட்டார்கள். உயிர் போகாதது நம்முடையது. உயிர் போவது அடுத்தவனுடையது. இந்தப் பாகுபாட்டில் மருத்துவம் எவ்வளவு, மனப்பான்மை எவ்வளவு என்று மாணவராகிய தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

குடத்தைப் பார்த்தவர் ஆங்கில மருத்துவர் ஜான் ஸ்னோ. நோய் குடிநீரால் பரவுகிறது என்று 1849இல் எழுதினார். 1854இல் லண்டன் பிராட் தெருக் குழாயை ஆராய்ந்து அதை நிலைநாட்ட முயன்றார். அதே 1854இல் இத்தாலியின் புளோரன்சில் பிலிப்போ பச்சினி நோயாளிகளின் குடலில் கிருமியைக் கண்டு எழுதினார், ஒருவரும் கவனிக்கவில்லை. 1883இல் எகிப்திலும், பிறகு கொல்கத்தாவிலும் ஆராய்ந்த ராபர்ட் கோக், காற்புள்ளி வடிவில் வளைந்த அக்கிருமியை 1884இல் உலகறியச் செய்தார். கொல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டார். அன்றுதான் ‘காலரா’ என்ற கிரேக்கப் பெயர் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு உரியதாகியது. அதற்கு முன் அந்தப் பெயரைத் தாங்கிய நோய்களுள் பெரும்பாலானவை, அந்தக் கணக்கின்படி, காலராவே அல்ல.

கோழிக் காலரா, பன்றிக் காலரா என்பவையும் இதே நோய்தானா? எங்கள் பண்ணையில் தடுப்பூசி போட வந்தவர் விளக்கவில்லை.
– கோழிப்பண்ணை வைத்திருப்பவர், நாமக்கல்

இல்லை, பெயர் மட்டுமே ஒன்று. கோழிக் காலரா வேறொரு பாக்டீரியாவால் வருவது. பாஸ்டர் அக்கிருமியை வலுவிழக்கச் செய்து 1880இல் அறிவித்த தடுப்புமுறை நோய்த்தடுப்பு வரலாற்றில் பெரிய திருப்பம். அக்கிருமிக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள். பன்றிக் காலரா ஒரு வைரசால் வருவது. மனிதக் காலராவின் அச்சம் ஊரெங்கும் பரவியிருந்த 19ஆம் நூற்றாண்டில், கால்நடைகள் கழிந்து கூட்டமாகச் செத்தால் அதையும் காலரா என்றே சொல்லிவிட்டார்கள். நம்மூரில் கோழியின் ‘வெள்ளைக்கழிச்சல்’ என்பது இவற்றுள் எதுவும் அன்று. அது ராணிக்கெட் நோய். தடுப்பூசிகளும் வேறுவேறு, குப்பியின் மேல் எழுதியுள்ள பெயரைப் படித்து வாங்குங்கள்.

‘ஓ139 பெங்கால்’ என்ற காலரா வகையைச் சென்னையில்தான் முதலில் கண்டார்கள் என்று எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் சொன்னார். அப்படியானால் வங்காளத்தின் பெயர் ஏன்?
– ஆய்வக நுட்பர், மதுரை

தங்கள் நண்பர் சொன்னது சரியே. 1992இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா போன்ற நோய் பரவியபோது, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, அதுவரை கொள்ளைநோயை உண்டாக்கிய ‘ஓ1’ வகைக்குரிய சோதனை நீரோடு திரளவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது ஒத்துப்போகாததால் 139ஆவதாக எண்ணிடப்பட்டது. பழைய வகையால் பெற்ற நோயெதிர்ப்பு இதற்கு உதவாததால், குழந்தைகளைவிடப் பெரியவர்களே மிகுதியாகப் படுத்தார்கள். சில மாதங்களில் கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் அது பரவியது. எட்டாம் உலகப் பரவல் தொடங்கிவிட்டதோ என்று அஞ்சினார்கள். ஆனால் ஓ1இன் உள்வகையான பழைய ‘எல் டோர்’ மீண்டும் தலைதூக்கி இதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. எல் டோர் என்பதும் ஓர் ஊர்ப்பெயரே. சினாய்க் கரையில் மெக்கா யாத்திரிகர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம் அது. அங்கே 1905இல் அவ்வகையைக் கண்டார்கள்.

‘பெங்கால்’ என்ற பெயர் வங்காள மாநிலத்தைக் கருதி வைத்ததன்று. வங்காள விரிகுடாவின் கரையோர ஊர்களில் முதலில் கிடைத்ததால் அப்பெயரைத் தேர்ந்தார்கள். சென்னையும் அக்கரையில்தானே உள்ளது. நோய்களுக்கு ஊர், நாடு, இனம், விலங்கு ஆகியவற்றின் பெயர்களைச் சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. அவ்வறிவுரை கால் நூற்றாண்டு முன்னதாக வந்திருந்தால் ‘பெங்கால்’ என்ற அடைமொழி இருந்திருக்காது. 139 என்ற எண் மட்டும் நின்றிருக்கும்.